பழுது பார்த்தலும் பதிப்பித்தலும்: பழைய ஒலி அட்டைகளை முன்வைத்து

சில வாரங்களுக்கு முன் ஒரு நூல் விமர்சனக் கூட்டம் முடிந்து, வழக்கம்போல் வாசலில் நின்று தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். என் துணிப்பையிலிருந்து ஒரு பச்சை நிறப் பலகை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மதியம் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒலி அட்டை அது. மூத்த நண்பர் ஒருவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆழ்ந்த வாசகர், சிறுபத்திரிகைகளின் வரலாற்றை இதழ் இதழாகச் சொல்லக்கூடியவர். "தமிழ் வாத்தியாருக்கு எதுக்கு சார் இந்தக் காயலான் கடைச் சரக்கு?" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணினிகளின் ஒலி அட்டைகளைப் பழுது பார்ப்பதில் எனக்கு ஈடுபாடு உண்டு என்றும், இணையவழி அறிமுகமான சிலரோடு சேர்ந்து அதைச் செய்துவருகிறேன் என்றும் விளக்க முற்பட்டேன். அவர் முடிக்க விடவில்லை. "எல்லாம் நாஸ்டால்ஜியா சார். அதான் எமுலேட்டர் இருக்கே, நிமிஷத்துல ஓடுது. முக்கியமான பொருளா இருந்தா அதைச் செஞ்ச கம்பெனிக்காரனே பத்திரமா வச்சிருக்க மாட்டானா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீடு திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு உறுத்தியது. என்னைக் கேலி செய்தார்கள் என்பதற்காக அன்று. அக்கேலியில் மூன்று வாதங்கள் இருந்தன; மூன்றும் தவறானவை; மூன்றையும் சொன்னவர், ஏடு தேடியவர்களின் கதையைக் கண்கலங்கப் பேசக்கூடிய ஒருவர். ஆகவே இக்கட்டுரை. அவர் பெயரை எழுதப் போவதில்லை. இதை அவர் வாசிப்பார் என்பது தெரியும்.

முதலில் பொருளைச் சற்று விளக்கியாக வேண்டும். இலக்கிய வாசகர்கள் பலருக்கு ஒலி அட்டை என்றொரு பொருள் தனியாக இருந்தது என்பதே நினைவிருக்காது.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினிக்குள் இருந்தது ஒரு சிறிய ஒலிபெருக்கி மட்டுமே. ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைக் கீச்சிடும். அலுவலகப் பொறிக்கு அது போதும் என்று கருதப்பட்டது. கனடாவின் கியூபெக் நகரில், லாவால் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல் தொடங்கிய ஆட்லிப் நிறுவனம் 1987-இல் ஓர் அட்டையை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் உயிர் ஜப்பானின் யமஹா செய்த ஒய்.எம்.3812 என்ற சில்லு. ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்துப் புதிய நாதங்களை உண்டாக்கும் முறையில், ஒரே நேரத்தில் ஒன்பது குரல்களை எழுப்பவல்லது. 1988-இல் வெளிவந்த சியரா நிறுவனத்தின் கிங்ஸ் குவெஸ்ட் நான்காம் பாகத்துக்கு வில்லியம் கோல்ட்ஸ்டீன் இசையமைத்தார். அது இத்தகைய அட்டைகளில் ஒலித்தபோது கணினி விளையாட்டின் இசை வேறொரு கட்டத்துக்கு நகர்ந்தது. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் என்ற அட்டையை வெளியிட்டது. அதே யமஹா சில்லு, கூடவே பதிவு செய்த மனிதக் குரலை ஒலிக்கச் செய்யும் வசதி, ஜாய்ஸ்டிக் இணைப்பு. ஆட்லிப்புக்கு எழுதப்பட்டதெல்லாம் இதிலும் ஒலித்தது. 1992-இல் ஆட்லிப் திவாலாயிற்று.

இதிலே நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. குறுந்தட்டின் தரத்தில் ஒரு நிமிட இசையைப் பதிவு செய்ய ஏறத்தாழ 10 மெகாபைட் வேண்டும். அன்றைய 1.44 மெகாபைட் ஃப்ளாப்பிகளில் ஏழுக்கு மேல். ஆகவே அக்கால விளையாட்டுகளில் இசை பெரும்பாலும் பதிவாக இல்லை, கட்டளைகளாக இருந்தது. இந்தக் குரலை இப்படி அமை, இந்தச் சுரத்தை எழுப்பு, இவ்வளவு நேரம் கழித்து நிறுத்து என்னும் எண்களின் வரிசை. அவ்வெண்களை இசையாக்குவது அந்தச் சில்லு. இசையமைத்தவர்கள் அச்சில்லின் இயல்பை, அதன் குறைகளையும் சேர்த்து, காதில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். ஏட்டில் எழுத்து இருக்கிறது. படிக்கத் தெரிந்த நாக்கு அட்டையில் இருக்கிறது. அட்டை ஊமையானால் ஏடும் ஊமை.

இதற்குத் தெளிவான சான்று ரோலண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட எம்.டி.32 என்ற இசைப்பெட்டி. அதற்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் பல, தொடங்கும்போதே தமக்கு வேண்டிய புதிய நாதங்களை அப்பெட்டிக்குள் எழுதிவிட்டு, பிறகு அவற்றைப் பயன்படுத்தின. 1991-இல் ஜெனரல் மிடி என்ற பொதுத்தரம் வந்தது. வாத்தியங்களின் வரிசை எண்கள் மாறின. அத்தரத்தைப் பின்பற்றும் பெட்டியில் எம்.டி.32-க்கு எழுதிய இசையை அப்படியே ஓட்டினால், புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் வேறெதுவோ அலறும். சுரம் சரி, காலம் சரி, வாத்தியம் தவறு. அதைக் கேட்டுவிட்டு "பழைய விளையாட்டுகளின் இசை மட்டம்" என்று தீர்ப்பு எழுதியவர்களை நான் அறிவேன். பிழைபட்ட பாடத்தை வைத்துக்கொண்டு புலவனைத் திட்டுவதைப் போன்றது அது.

இனி முதல் குற்றச்சாட்டு: இறந்தகால ஏக்கம்.

ஏங்குவதற்கு எனக்கு அப்படியோர் இறந்தகாலமே இல்லை. நான் மாணவனாக இருந்த நாள்களில் கணினி என்பது கல்லூரியின் பூட்டிய அறைக்குள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கும் பொருள். சவுண்ட் பிளாஸ்டர் கோலோச்சிய காலத்தில் அதன் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. முதன்முதலாக அத்தகைய அட்டை ஒன்றை நான் கையில் எடுத்தது, என் கல்லூரி ஆய்வகம் கழித்துக்கட்டிய 486 கணினி ஒன்றை விலைக்கு வாங்கியபோது. அப்போது எனக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. என்னோடு எழுதிக்கொள்வோரில் இருபத்தைந்து வயது நிரம்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்பே இந்த அட்டைகள் சந்தையிலிருந்து மறைந்துவிட்டன. தாம் வாழாத காலத்தைப் பற்றி அறிய விரும்புவதற்கு ஏக்கம் என்று பெயர் சூட்டினால், சங்க இலக்கியம் கற்பிக்கும் நாங்கள் அனைவரும் தீராத நோயாளிகள்.

ஏக்கத்தால் இதற்குள் வருபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏக்கம் ஒருவரை முதல் மாலை வரையில்தான் கொண்டுவரும். அட்டையைச் செருகியும் ஓசை வராதபோது ஏக்கம் எழுந்து போய்விடும். இரண்டாம் மாலையில் உட்கார்ந்திருக்க வேறொன்று வேண்டும். அது என்ன என்பதை என் அனுபவம் ஒன்றைக் கொண்டு சொல்கிறேன்.

அந்த 486-இல் சவுண்ட் பிளாஸ்டருக்கு இணங்கிய அட்டை ஒன்றைச் செருகினேன். செய்தவர் பெயர் இங்கே தேவையில்லை. விளையாட்டைத் தொடங்கினால் இசை அருமையாக வந்தது. பாத்திரம் பேசத் தொடங்கியதும், வாக்கியத்தின் முதல் துணுக்கு மட்டும் திக்குவாயைப்போல மீண்டும் மீண்டும் ஒலித்தது. பிறகு கணினி உறைந்தது. அட்டை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். போலந்து நாட்டுக்காரர் ஒருவருக்கு எழுதினேன். தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்று பின்னர் அறிந்தேன். அட்டையின் பெயரைக்கூட அவர் முதலில் கேட்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். இசை பிழையின்றி வருகிறதா? பேச்சின் முதல் துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கிறதா, ஒருமுறை ஒலித்து நின்றுவிடுகிறதா? பெட்டிக்குள் வேறு என்னென்ன அட்டைகள் இருக்கின்றன?

இக்கேள்விகளின் அழகு எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவ்வகை அட்டையில் இசைக்கும் பேச்சுக்கும் வழிகள் வேறு. யமஹா சில்லுக்கு நிரல் நேரடியாக எண்களை எழுதிவிடுகிறது, இசை வந்துவிடும். பேச்சு அப்படி அன்று. அட்டைக்கு 220 என்பது போன்றதொரு முகவரி வேண்டும். நினைவகத்திலிருந்து ஒலித்துணுக்கை நேரே எடுத்துவர டி.எம்.ஏ. எனப்படும் தடம் ஒன்று வேண்டும். துணுக்கு தீர்ந்ததும் "அடுத்தது தா" என்று மையச் செயலியின் தோளைத் தட்ட ஐ.ஆர்.கியூ. எனப்படும் குறுக்கீட்டு எண் ஒன்று வேண்டும். இசை வருகிறதென்றால் அட்டைக்கு உயிர் இருக்கிறது. முதல் துணுக்கு ஒலிக்கிறதென்றால் முகவரியும் தடமும் சரி. அதுவே திரும்பத் திரும்ப வருகிறதென்றால் தோளைத் தட்டும் கை செயலியை எட்டவில்லை. பிழை குறுக்கீட்டு எண்ணில்தான் இருந்தாக வேண்டும்.

என் அட்டையின் எண் 5. விளையாட்டுக்கும் 5 என்றே சொல்லியிருந்தேன். ஆனால் ஆய்வக நாள்களில் செருகிய நெட்வொர்க் கார்டு ஒன்று கடைசித் துளையில் தூசி படிந்து கிடந்தது. அதன் எண்ணும் 5. அக்கால ஐ.எஸ்.ஏ. பாட்டையில் இரண்டு அட்டைகள் ஒரே குறுக்கீட்டு எண்ணைப் பகிர்ந்துகொள்ள இயலாது. அதைப் பிடுங்கியதும் பாத்திரம் முழு வாக்கியத்தைப் பேசியது. மூன்று மாலைகள் ஆயின. நன்றி சொல்லி எழுதினேன். அவர் பதிலில் ஒரே ஒரு வேண்டுகோள் இருந்தது: "சரியாகிவிட்டது என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். ஏன் சரியாயிற்று என்று எழுதுங்கள். நாளை வேறொருவன் இதே திக்கலோடு தேடிக்கொண்டு வருவான்."

மூத்த நண்பரே, இதை நீங்கள் நாஸ்டால்ஜியா என்கிறீர்கள். நான் இதை வாசிப்பு என்கிறேன். குறியிலிருந்து காரணத்துக்குப் போவது; சொல்லப்படாததைச் சொல்லப்பட்டதிலிருந்து உய்த்துணர்வது; ஊகத்தைச் சோதித்துத் தவறென்றால் கைவிடுவது. ஒரு செய்யுளில் சீர் தளை தட்டும் இடத்தில் பாடம் சிதைந்திருக்கிறது என்று ஐயுறும் பதிப்பாசிரியரின் மனம் இதே பாதையில்தான் போகிறது. வகுப்பறையில் இதை மாணவர்களுக்குக் கற்பிக்கப் பல ஆண்டுகளாக முயல்கிறேன். அந்தப் போலந்துக்காரர் மூன்று வரிகளில் கற்பித்தார்.

இரண்டாம் குற்றச்சாட்டு: எமுலேட்டர் இருக்கிறதே.

இருக்கிறது. 2002-இல் முதலில் வெளிவந்த டாஸ்பாக்ஸை நானும் பயன்படுத்துகிறேன். அதை எழுதியவர்களுக்குக் கைகூப்புகிறேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த எமுலேட்டருக்குச் சவுண்ட் பிளாஸ்டரின் ஒலி எப்படித் தெரிந்தது? வானத்திலிருந்து விழவில்லை. உண்மையான அட்டைகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவற்றின் ஒலியைப் பதிந்து, எமுலேட்டரின் ஒலியோடு ஒப்பிட்டு, இங்கே வேறுபடுகிறது, அங்கே வேறுபடுகிறது என்று எழுதி எழுதித் தெரிந்தது. யமஹாவின் அடுத்த தலைமுறைச் சில்லான ஒய்.எம்.எஃப்.262-இன் மேலுறையை நீக்கி, உள்ளே உள்ள சுற்றை நுண்ணோக்கியில் படமெடுத்து, அதில் பொறிக்கப்பட்டிருந்த சைன் அட்டவணையின் எண்களை ஆர்வலர்கள் 2008-இல் படித்தெடுத்தார்கள். கல்வெட்டைப் படியெடுப்பதற்கு ஒப்பான வேலை. இன்று மிகத் துல்லியமானவை என்று கருதப்படும் எமுலேட்டர்கள் இத்தகைய வாசிப்பின் மேல் எழுந்தவை. சில்லைக் குப்பையில் போட்டிருந்தால் எமுலேட்டர் என்பதே ஊகமாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆட்லிப்பின் சில்லு மெதுவானது. ஒரு பதிவேட்டின் எண்ணைக் குறிப்பிட்டபின் 3.3 மைக்ரோ நொடி, தரவை எழுதியபின் 23 மைக்ரோ நொடி அது மூச்சுவிடக் காத்திருக்க வேண்டும். அன்றைய நிரலாளர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முதலாவதற்கு 6 முறையும் இரண்டாவதற்கு 35 முறையும் அட்டையின் நிலையைச் சும்மா படித்துக் காலம் போக்கினார்கள். இப்படியோ வெற்றுச் சுழற்சிகளாலோ காலத்தை எண்ணிய நிரல்களுள் சில, பிறகு வந்த வேகமான செயலிகளில் அட்டையே இல்லை என்று சொல்லிவிட்டன. சில சுரங்களை விழுங்கின. அட்டையும் பழுதில்லை, நிரலும் பழுதில்லை. காலம் மாறியதுதான் பழுது. எமுலேட்டர் இந்தச் சிக்கலையே காட்டாமல் மென்மையாக ஓட்டிவிடக்கூடும். விளையாட வந்தவனுக்கு அது வரம். அந்நிரலை எழுதியவன் எந்தத் தடைக்குள் நின்று எழுதினான் என்று அறிய வந்தவனுக்கு அங்கே ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது.

கிரியேட்டிவ் 1992-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் 16-ஐ எடுத்துக்கொள்வோம். அதிலே மிடி இசையை ஓட்டும்போது, முடியவேண்டிய சுரம் முடியாமல் இழுத்துக்கொண்டே நிற்கும் குறை ஒன்று உண்டு. எல்லா அட்டைகளிலும் இல்லை. ஒரே பெயரில் விற்ற அட்டைகளில், உள்ளிருக்கும் டி.எஸ்.பி. சில்லின் பதிப்பெண் 4.11, 4.12 ஆக இருப்பவற்றிலும், 4.13 சிலவற்றிலும் அது காணப்படுகிறது, முந்தைய 4.05-இலும் பிந்தைய 4.16-இலும் இல்லை. அட்டையின் மேலே இதை எவரும் அச்சிட்டு விற்கவில்லை. தத்தம் அட்டையின் பதிப்பெண்ணைப் பார்த்து, ஒரே இசையை ஓட்டிப் பார்த்து, ஒப்பிட்டுத் தொகுத்தவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்த பயனர்கள். பாட வேறுபாட்டுப் பட்டியல் என்று நாம் இதைத்தானே சொல்கிறோம்?

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887-இல். ஆட்லிப் அட்டை வெளிவந்ததற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியவில்லை. காப்பியத்தின் மதிப்பு வேறு, விளையாட்டின் மதிப்பு வேறு. ஒப்பிடுவது முறையை மட்டுமே. நல்ல பதிப்பு வந்துவிட்டது என்பதற்காக ஏட்டை அடுப்பில் போடலாம் என்று எந்தப் பதிப்பாசிரியரும் சொன்னதில்லை. பதிப்பில் ஐயம் எழும்போது திரும்பிப்போய்ப் பார்க்க ஏடு வேண்டும். எமுலேட்டர் பதிப்பு, அட்டை ஏடு. பதிப்பை வைத்துக்கொண்டு ஏட்டைப் பழிப்பவர், பதிப்பு எப்படி உண்டாயிற்று என்பதை அறியாதவர்.

மூன்றாம் குற்றச்சாட்டு: செய்தவர்கள் காப்பார்கள்.

இதைச் சொன்னவரின் வெள்ளை மனத்தைப் பாராட்டுகிறேன். நிறுவனங்கள் விற்பதற்காக உள்ளன. விற்றுத் தீர்ந்த பொருளுக்கு அவற்றின் கணக்கேட்டில் இடமில்லை. ஆட்லிப் மறைந்த கதையைச் சொன்னேன். 1992-இல் அல்ட்ராசவுண்ட் என்ற அழகிய அட்டையைக் கொணர்ந்த கனடாவின் கிராவிஸ் நிறுவனமும் சில ஆண்டுகளில் ஒலி அட்டைத் தொழிலையே கைவிட்டது. அட்டையோடு வந்த ஃப்ளாப்பிகளின் காந்தப்பூச்சு பூசணம் பிடித்து உரிகிறது. அவற்றைப் படியெடுத்துப் பொதுவில் வைத்தவர்கள் அவ்வட்டைகளை வாங்கியவர்கள்.

நிறுவனம் உயிரோடு இருந்தால் மட்டும் என்ன? விண்டோஸ் விஸ்டா வந்தபோது, முந்தைய இயங்குதளத்தில் வேலை செய்த சில வசதிகள் கிரியேட்டிவ் அட்டைகளில் வேலை செய்யாமல் போயின. பிரேசில் நாட்டு ஆர்வலர் ஒருவர் டிரைவர் மென்பொருளைத் திருத்தி அவற்றை மீட்டெடுத்தார், பலர் பயனடைந்தார்கள். 2008 மார்ச்சில் அந்நிறுவனம் அவரை நிறுத்தச் சொல்லிப் பகிரங்கமாக எழுதியது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தபின் சற்று இறங்கிவந்தது. தன் உடைமையைக் காக்கும் சட்ட உரிமை நிறுவனத்துக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பழைய பொருளைச் செய்தவனே காப்பான் என்று நம்பியிருப்போர் இந்நிகழ்ச்சியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம்.

யார் காத்தார்கள் என்று கேட்டால் பெயர் பட்டியலே தரலாம். பழைய விளையாட்டுகள் சில, ரோலண்டின் எம்.பி.யு.401 இடைமுகத்தின் முழுத் திறனையும் எதிர்பார்த்தன. சவுண்ட் பிளாஸ்டர் 16-இலோ அதன் எளிய பாதி மட்டுமே இருந்தது. விடுபட்ட பாதியை மென்பொருளால் நிரப்பியது சாஃப்ட்எம்பியு என்ற சிறு நிரல். ஓர் ஆர்வலரின் ஆக்கம். முதல் சவுண்ட் பிளாஸ்டரின் சுற்றை ஆராய்ந்து, அதன் நகலை எவரும் செய்துகொள்ளும்படி வரைபடங்களை வெளியிட்டது ஸ்நார்க் பார்க்கர் என்ற முயற்சி; அதுவும் அப்படியே. இன்று கிடைப்பதற்கரிய அல்ட்ராசவுண்டை, மலிவான ராஸ்ப்பெரி பை பிக்கோ சில்லைக் கொண்டு மீண்டும் ஒலிக்கச் செய்கிறது பிக்கோகஸ். இவற்றுள் எதையும் மூல நிறுவனங்கள் செய்யவில்லை. மாலை நேரத்தில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தவர்கள் செய்தார்கள்.

இதுவரை எதிர்த்தரப்பைச் சாடினேன். என் தரப்பைச் சாடாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

எங்களுள் மூவகையினரால் பெரும் கேடு விளைகிறது. முதல் வகையினர், பத்துப் பேருடைய நேரத்தை வாங்கிக்கொண்டு, கடைசியில் "சரியாகிவிட்டது, நன்றி" என்ற இரண்டு சொற்களோடு மறைபவர்கள். எப்படிச் சரியாயிற்று என்று சொல்லமாட்டார்கள். பல ஆண்டு கழித்து அதே குறையோடு தேடி வருபவன் அவ்விரண்டு சொற்களின் முன்னால் நின்று தலையிலடித்துக்கொள்கிறான். நானே நின்றிருக்கிறேன். உரை எழுதுகிறேன் என்று தொடங்கிக் கடினமான செய்யுளுக்கு "பொருள் வெளிப்படை" என்று எழுதிவிட்டுப் போன உரையாசிரியரை நாம் எப்படி ஏசுகிறோமோ, அதே ஏச்சு இவர்களுக்கும் உரியது.

இரண்டாம் வகையினர், காரணம் தேடாமல் எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள். அட்டை ஓசையிடவில்லை என்றால் உடனே அதிலுள்ள மின்தேக்கிகள் அத்தனையையும் பிடுங்கி எறிந்து புதியவற்றைப் பற்றவைப்பார்கள். மின்தேக்கிகள் முப்பதாண்டுகளில் வற்றுவதும் கசிவதும் உண்மைதான். ஆனால் சில பழைய அட்டைகளுக்கு −5 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். பிற்கால மின்வழங்கிகள் பலவற்றில் அந்தக் கம்பியே கிடையாது. மின்வழங்கியின் குறைக்கு அட்டையை அறுத்தவர்கள் உண்டு. குறியைப் படிக்காமல் கத்தியை எடுப்பவன் வைத்தியன் ஆகமாட்டான். பொருள் விளங்காத சொல்லைத் தம் விருப்பப்படி திருத்திவிட்டு, மூலத்தில் என்ன இருந்தது என்ற குறிப்பையும் தராமல் போன பதிப்பாளர்களால் தமிழ் பட்ட பாட்டை நாம் அறிவோம். எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் இருந்த நிலையை எழுதி வையுங்கள், படமெடுத்து வையுங்கள்.

மூன்றாம் வகையினர் பதுக்குவோர். ஓட்டிப் பார்க்கவும் மாட்டார்கள், படியெடுக்கத் தரவும் மாட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விலையேறக் காத்திருப்பார்கள். இவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வீட்டுப் பரணில் ஏட்டுக்கட்டை வைத்துக்கொண்டு, கேட்டு வந்தவரைத் திண்ணையோடு திருப்பி அனுப்பியவர்களின் வாரிசுகள் இவர்கள்.

அட்டைகள் ஒருநாள் முற்றாகச் சாகும். யமஹாவின் பழைய சில்லுகள் தீர்ந்துபோகும். அதை எவராலும் தடுக்க முடியாது. ஏடுகளும் சாகும். எஞ்ச வேண்டியது, அவற்றை எப்படிப் படிப்பது என்ற அறிவு. அவ்வறிவு கையேடுகளில் இல்லை. ஜம்பரை எந்த ஊசியில் மாட்டினால் என்ன ஆகும் என்பதைக் கையேடு சொல்லும். மாட்டியபின் பேச்சு திக்கினால் எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாது. அது பழுது பார்த்தவர்களின் குறிப்புகளில் மட்டும் இருக்கிறது. தோற்றுப்போன முயற்சிகளின் குறிப்புகளிலும் இருக்கிறது. இதைச் செய்தேன், பயனில்லை என்ற ஒரு வரி, அடுத்தவனுக்கு ஒரு மாலையை மிச்சமாக்கும். ஒரு தலைமுறையின் இசை, அதன் முதல் கணினிக் குரல்கள், இனி எவரேனும் காதால் கேட்டறியத்தக்கவையாக இருக்குமா, அல்லது யாரோ சொன்னதாக யாரோ எழுதிய செய்தியாக எஞ்சுமா என்பது இந்தக் குறிப்புகளைப் பொறுத்திருக்கிறது.

மூத்த நண்பருக்கு ஒரு வேண்டுகோள். எங்களோடு வந்து சால்டரிங் அயர்னைப் பிடியுங்கள் என்று அழைக்கவில்லை. அடுத்த முறை ஒருவர் பையில் பழைய பலகையோடு வந்தால், சிரிப்பதற்கு முன், "என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு அவர் சரியான பதில் சொன்னால், உங்கள் இனத்தவர் ஒருவரைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று பொருள். சொல்லத் தெரியாமல் விழித்தால், அப்போது காயலான் கடை என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நானும் உங்களோடு சிரிக்கிறேன்.

அன்று வாங்கிய அட்டை இன்னும் பேசவில்லை. இசை வருகிறது, பேச்சு ஒருமுறை ஒலித்து நின்றுவிடுகிறது, திக்கவில்லை. திக்காமல் நிற்பதற்கும் ஏதோ பொருளுண்டு. பெட்டிக்குள் வேறு அட்டை எதுவும் இல்லை. இதுவரை செய்து பார்த்தவற்றையும் பயனளிக்காதவற்றையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.